வழியில் ஒன்று

ஜூலை 3, வியாழன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கு ஒரு பையை என் நாற்காலிக்கு அடியில் தள்ளி, மேலே துப்பட்டியைப் போட்டு மறைத்து வைத்தேன். ஐம்பது தாண்டிய பொம்பளை செய்கிற வேலையா இது? திருட இல்லை. வெயிலுமுத்து அண்ணாச்சி போன் பண்ணட்டும் என்றுதான்.

விஷயம் இதுதான். தௌசீப் ஆன்லைனில் தோல் பை விற்கிறான். அவன் வாப்பா பட்டறையில்தான் என் வீட்டுக்காரர் ஹனீப் மௌத்தாகிக் கண்ணை மூடுகிற வரைக்கும் தோல் வெட்டினார். அந்தப் பழக்கத்தில் எனக்கு இந்த வேலை. சரக்கு மும்பைப் பக்கம் மூன்று இடத்தில் கிடக்கிறது. தாராவி குடோனில் நான், ஐரோலியில் வெயிலு அண்ணாச்சி, கோபர்கைரனேயில் கோகிலவாணி. முன்பெல்லாம் சாயங்காலம் மூன்று பேரும் ஒரே போனில் வந்து, எந்தப் பை எத்தனை இருக்கிறது என்று ஒப்பிப்போம். கணக்கு கொஞ்சம், மிச்சமெல்லாம் பேச்சு. கோகிலவாணி எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அண்ணாச்சி இருப்பார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பெரிய மீசை என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். "மீசையக் கொஞ்சம் ஒதுக்கிக்கிட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி, நம்பர் வெளிய வரமாட்டேங்கு" என்பேன். "எனக்கு மீசையே கெடையாது மதீனாக்கா" என்பார். நான் நம்பவில்லை.

போன மாசம் தௌசீப் ஆப் ஒன்று போட்டான். பையில் தொங்கும் சீட்டில் மிஷினைக் காட்டினால் பீப் என்று கத்தும். மூன்று குடோன் கணக்கும் அவனுடைய செம்பூர் ஆபீசில் தெரிந்துவிடும். "இனி போன்ல எண்ண வேண்டாம் சாச்சி, நிம்மதியா இருங்க" என்றான். நிம்மதியாகத்தான் இருக்கிறேன். நாள் பூரா ஒரு மிஷினோடு குடும்பம் நடத்துகிறேன். நான் என்ன சொன்னாலும் அதற்குப் பதில் பீப்தான். ஹனீப்பும் அப்படித்தான், ஆனாலும் அவர் எப்போதாவது சிரிப்பார்.

வியாழக்கிழமை ஐரோலிச் சரக்கை இசக்கி டெம்போவில் கொண்டுவருவான். வந்ததில் ஒன்றுக்கு பீப் அடிக்காமல் விட்டால் ஆப்பில் சிவப்பாக ஒரு வரி வரும். நான் படித்த நாலாம் வகுப்புக்கு அந்த இங்கிலீஷ் எட்டாது. ஆனால் சிவப்பு சிவப்புதானே. 'வழியில் ஒன்று' என்று அர்த்தமாம். அங்கே கிளம்பிவிட்டது, இங்கே சேரவில்லை. அனுப்பிய குடோன்காரர் போன் பண்ணிக் கேட்டே ஆக வேண்டும்.

போன் வந்தது. "பிரவுன் பை ஒண்ணு கொறையுதாக்கா?"

"தேடிப் பாக்கேன், லைன்லயே இருங்க அண்ணாச்சி."

தேடினேன். நன்றாகத் தேடினேன். அதற்குள் அவர் மருமகள் வைக்கிற ரசத்தில் உப்பே இல்லை என்பதிலிருந்து அவருடைய முட்டிவலி வரைக்கும் வந்துவிட்டார். பிறகுதான் பை கிடைத்தது.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கும் ஒன்று. கறுப்பு. இந்தத் தடவை தேடுவதற்கு இன்னும் நேரம் எடுத்தது.

ஜூலை 13, ஞாயிறு

குடோன் லீவு. மழை. புனேயிலிருந்து மகள் சாயிமா வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். "பிசியா இருக்கேன்மா, அப்பறம் பேசுதேன்." அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பின்னால் பேத்தி எதற்கோ இந்தியில் அழுகிறாள். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

அண்ணாச்சி போன் பண்ணினார். குரல் சரியில்லை. "மறுபடியுமாக்கா? நான் என் கையால எண்ணி ஏத்துனேனே." "பைக்குக் கால் மொளச்சிருக்கு அண்ணாச்சி, இறங்கி நடந்து வருதோ என்னவோ" என்றேன். சிரிக்கவில்லை. ரசம், முட்டி ஒன்றும் வரவில்லை. உடனே பையை எடுத்து பீப் அடித்துவிட்டேன். அவர் "சரி" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 19, சனி

தௌசீப் போன். இசக்கியை நிறுத்திவிட்டானாம்.

"ஏன் தம்பி?"

"மூணு வாரமா அவன் வண்டியில வர்ற சரக்குல ஒண்ணு கொறையுது சாச்சி. போன் பண்ணிக் கேட்டா ஒடனே கெடச்சிருது. கேக்காம விட்டிருந்தா? எறக்கும்போதே அங்கனயே ஒளிச்சு வச்சிட்டு, யாரும் கேக்கலைன்னா அப்பறமா எடுத்துக்கலாம்னு பாக்கான்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யா அல்லாஹ், அந்தச் செவப்பு வரிய மணியடிக்கிற பொத்தான்னுல்ல நெனச்சேன். வழியில ஒண்ணுன்னா, அந்த வழியில ஒரு மனுசன் வண்டி ஓட்டிக்கிட்டு வாரானே — அது எனக்கு ஏன் தோணல?

ஜூலை 20, ஞாயிறு

சொன்னால் வேலை போகும். வேலை போனால் அந்த பீப் கூட இருக்காது.

சொல்லாவிட்டால்?

ஜூலை 22, செவ்வாய்

பஸ் பிடித்து செம்பூர் போனேன். தௌசீப் டீ வாங்கிக் கொடுத்தான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"பை எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும் தம்பி."

"எங்க?"

"என் நாற்காலிக்கு அடியில."

சிரித்தான். எப்போதும் கேலி பேசுகிறவளுக்கு இதுதான் கஷ்டம், உண்மையைச் சொன்னால் அதற்கும் சிரிக்கிறார்கள். மூன்று தடவையும் நான்தான், இசக்கி ஒரு பாவமும் அறியாதவன் என்று முழுசாகச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"எதுக்கு சாச்சி?"

"வெயிலு அண்ணாச்சி போன் பண்ணுவாங்கன்னு."

டீ கிளாசைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, "பேச்சுத்துணைக்கா?" என்றான். கத்தியிருந்தானென்றால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். டீயைக் குடித்தேன்.

"இசக்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றான். என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

சொன்னேன். முழுக்கக் கேட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"எவன் என்ன சொன்னாலும் போட்டும்க்கா. எம் பொண்டாட்டியே 'நெசமாவே எடுத்தியளா'ன்னு கேட்டுட்டா."

போனை வைத்துவிட்டான்.

ஜூலை 24, வியாழன்

தௌசீப் திரும்பச் சேர்த்துக்கொண்டான்; இசக்கிதான் சரக்கு கொண்டுவந்தான். எப்போதும் இறக்கிப் போட்டுவிட்டு "வாரேன்க்கா" என்று ஓடுகிறவன், இன்றைக்கு வாசலிலேயே நின்றான். "எண்ணிக்கோங்க." ஒவ்வொரு பைக்கும் பீப் கேட்கிற வரைக்கும் நின்றான். நனைந்துகொண்டே நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை. அக்கா என்றும் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

அண்ணாச்சிக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். "இதுக்கா? சொல்லியிருந்தா சும்மாவே போன் பண்ணியிருப்பேனேக்கா" என்றார்.

ஜூலை 30, புதன்

பண்ணவில்லை.

ஜூலை 31, வியாழன்

இசக்கி வந்தான், நின்றான், போனான். தௌசீப் புதுச் சட்டம் போட்டிருக்கிறான். இனிமேல் எந்தக் குடோனிலும் தனி ஆள் சரக்கு வாங்கக் கூடாது, ரெண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். தாராவியில் ரெண்டு பேருக்கு இடமில்லை. சரக்கெல்லாம் கோபர்கைரனே போகிறது, கூடவே நானும். தண்டனையா, இல்லையா என்று கேட்டேன். "சிஸ்டம் சாச்சி" என்றான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

குர்லாவில் ரயில் ஏறி, வாஷியில் மாறி, போய்ச் சேர்வதற்குள் இடுப்பு போய்விட்டது. கோகிலவாணி போனில்தான் ஊமை. நேரில் பார்த்ததும் மேலும் கீழும் அளந்துவிட்டு, "பையை ஒளிச்சு வச்ச அக்கா நீங்கதானா?" என்றாள்.

எனக்குக் காது சுட்டது.

"இங்க எல்லாம் ஸ்டூலுதான். அடியில வச்சா அப்படியே தெரியும், பாத்துக்கோங்க."

அடி கள்ளி! இத்தனை வருசம் நான் ஊரைக் கேலி பண்ணினேன், என்னைப் பண்ண ஒருத்தி இங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவளுடைய மீன்குழம்பு, என் சோறு. நான் குறை சொன்னேன். நாளைக்குக் கொண்டுவர மாட்டாளாம். கொண்டுவருவாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பேக்கிங் மேசைமேல் என்னுடைய கறுப்புப் பையை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். கோகிலவாணியும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அதை எடுத்து டப்பாவில் போட்டாள், நான் அட்ரஸ் ஒட்டினேன். சட்டப்படி ரெண்டு பேரும் சேர்ந்து சரிபார்த்தோம். பை சாத்தாரா ஊரில் ஆர்டர் போட்ட ஒரு அம்மாவுக்குப் போய்விட்டது.

உள்ளே ரயில் பாஸ், மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, பாதி பிஸ்கட் பாக்கெட் இருந்தன. நான் எழுதுகிற நோட்டும் இருந்தது, அதனால் இதை பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். சாத்தாராவில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பூட்டை உடைக்க ஆள் அனுப்பவா என்று தௌசீப் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலவாணி, "எதுக்கு நல்ல பூட்டை ஒடைக்கணும், பை வரட்டும்" என்றாள். அன்றிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறேன். குறட்டை விடுகிறேனாம்.

சாத்தாரா அம்மா இன்றைக்குப் பையைத் திருப்பி அனுப்புவதாக ஆன்லைனில் பதிந்திருக்கிறார். கோகிலவாணிதான் படித்துச் சொன்னாள். காரணம் கேட்ட இடத்தில், 'படத்தில் பார்த்தது போல் இல்லை' என்று அமுக்கியிருக்கிறார்.