உன்னுடைய ஏழு உருப்படிகள்

நேற்று முன்தினம் உன் மகள் கம்போங் ராஜாவிலிருந்து ரிங்லெட்டுக்கு என்னைத் தேடி வந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, "அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள். பிரித்தபோது முதலில் வந்தது வாசம்தான். சூட்டில் காய்ந்த தேயிலையின் வாசம். உன் துணி அலமாரியில் எப்போதும் ஒரு தேயிலைப் பொட்டலம் கிடக்குமாம். அதற்குப் பிறகுதான் உன்னுடைய சாம்பல் நிற சுவெட்டர் கண்ணில் பட்டது. முழங்கை இரண்டிலும் இழையோட்டிய தையல், முன்னால் நான்கு கறுப்புப் பொத்தான்கள். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு பொத்தான்கூட ஆடவில்லை. நான் அழுவேன் என்று உன் மகள் எதிர்பார்த்திருப்பாள். எனக்கு வந்தது எரிச்சல்.

போன மாதம் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் இதே எரிச்சல்தான். காப்பித்தூள் நிறத்தில் சேலை, அதற்குச் சந்தன நிற ரவிக்கை. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவே மடிச்சு வச்சிட்டுப் போனாங்க" என்று உன் மகள் சொன்னதும் சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் விம்மினார்கள். நான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். பச்சைச் சேலை, ஊதா ரவிக்கை, அதற்கு மேல் மருமகளின் பூப்போட்ட சுவெட்டர். துக்கத்தில் கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நீ மட்டும் நம்பியிருக்க மாட்டாய். நான் அரைமணி நேரம் பார்த்துப் பார்த்து எடுத்தது அது. சாகும்போதுகூட என்னை ஜெயித்துவிட்டுத்தான் போகவேண்டுமா?

எழுபதுகளில் நமக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. ஒரே எஸ்டேட், ஒரே லயத்து வரிசை வீடுகள், உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று கதவு. ஒரே கங்காணியின் கீழ் கொழுந்து பறித்தோம். என்னிடம் பதினொரு செட்டு உடுப்பு இருந்தது. ஈப்போவில் இருந்த அத்தை அனுப்பிக்கொண்டே இருப்பார். ரோஜா நிறத்தில் கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்தது, சிவப்புக் கட்டம் போட்ட பாவாடை, மஞ்சள் கழுத்துத் துணி என்று பெட்டி மூடாது. உன்னிடம் இருந்தவை ஏழே உருப்படி. சும்மா சொல்லவில்லை, உன் வீட்டுக் கொடியில் எண்ணியிருக்கிறேன். பாவாடை இரண்டு: பழுப்பு, கருநீலம். சட்டை நான்கு: வெள்ளை, சந்தனம், வெளிர்நீலம், பொடிக்கட்டம். ஏழாவது இந்த சுவெட்டர். தானா ராத்தாவில் ஒரு மாதா கோயிலில் பழைய துணி விற்றபோது நீ எடுத்து வந்த ஆம்பளை சுவெட்டர். அதை அக்கு அக்காகப் பிரித்து, உன் அளவுக்குத் தைத்து, எங்கோ கிடந்த கோட்டுப் பொத்தான்களை வைத்துவிட்டாய்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தனை உடுப்பு பாரேன், தெனம் ஒண்ணு" என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் உன்னைப் பற்றிப் பேசுவார்கள். குடத்தோடு பக்கத்தில் நிற்பேன். பதினொன்று வைத்திருந்தவளைப் பார்த்து ஒருத்தியும் அப்படிச் சொன்னதில்லை. எண்ணத் தெரியாத ஜென்மங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

மாதத்துக்கு ஒரு தடவை ரிங்லெட்டிலிருந்து துணிக்கார பாய் வேனில் வருவார். நாங்கள் எல்லாரும் பூவையும் பளபளப்பையும் பார்த்து விழுந்தடித்துக்கொண்டு ஓடுவோம். நீ கடைசியாக வருவாய். உன் பழுப்புப் பாவாடையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூல், கருநீலத்திலிருந்து ஒரு நூல், இரண்டையும் விரலில் சுற்றிக்கொண்டு வருவாய். ஒவ்வொரு துணியின் மேலும் அந்த நூல்களை வைத்துப் பார்ப்பாய். மூடுபனியாக இருந்தால் பார்க்கவே மாட்டாய். பனி விலகி வெயில் வரட்டும் என்று நிற்பாய்.

"என்னா தங்கச்சி, நீ நூல் பாக்குறதுக்காக நான் சூரியனைக் கூட்டிக்கிட்டு வரணுமா?" என்பார் பாய்.

"வந்துரும் பாய், பத்து நிமிசம் லா. பனியில எல்லாமே ஒரே கலராத்தான் தெரியும். வீட்டுக்குப் போனப்புறம்தான் சண்டை போடும்."

நான் ஒருமுறை உன்னைப் போலவே கருநீலத்தில் பாவாடைத் துணி எடுத்தேன். அதே பாய், அதே துணி, அதே தையல்காரி. அதற்கு மேல் ரோஜா நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நீ என்னைச் சுற்றி வந்து பார்த்தாய். சிரிக்கவில்லை. "பாவாடை நல்லாருக்கு டி. சட்டையும் நல்லாருக்கு. ஒண்ணோட ஒண்ணு பேசல" என்றாய். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அதைவிட என்னை வேக வைத்தது வேறு. நம் மலையில் மழை மாதத்தில் துவைத்தது மூன்று நாளானாலும் காயாது. எல்லார் வீட்டிலும் அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் துணி போடுவோம். அதனால் லயத்தில் எல்லார் மேலும் விறகுப் புகை வாசம் அடிக்கும். என் அப்பாவுக்கு ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் இடத்தில் வேலை. அங்கே ஒரு சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். யாருக்கும் தெரியாமல் ஒன்றிரண்டு துணியை அங்கே போட்டு எடுத்து வருவார். யாருடைய துணியை? என்னுடையதை இல்லை, உன்னுடையதை! நான் சண்டைக்குப் போனால், "அந்தப் பிள்ளை துணி ஒண்ணு ரெண்டுதான், என் சோத்துப் பையில அடங்கிரும். உன் மூட்டைய தூக்கிட்டுப் போனா, ஃபேக்டரில கடை போட்டிருக்கியான்னு கேப்பாங்க" என்பார். என்னைப் பெற்ற அப்பா. உன் சட்டையில் தேயிலை வாசம், என் சட்டையில் புகை. நீ என்னைக் கடந்து போகும்போதெல்லாம் அது மூக்கில் ஏறும்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. ஃபேக்டரியைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேயிலைப் பொட்டலம் விற்க ஒரு கவுண்டர் திறந்தார்கள். ஒரே ஒரு பெண் வேண்டும். கொஞ்சம் படிக்கத் தெரிந்தவள், பார்க்க ஒழுங்காக இருப்பவள் என்று ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணி சொல்லிவிட்டார். உன்னையும் என்னையும் சனிக்கிழமை காலையில் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அட்டைக்கடி இல்லை, கூடை இல்லை, முதுகு நனையாது. எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்ததைவிட, உனக்குக் கிடைக்கக்கூடாது என்றுதான் அதிகம் இருந்தது. இப்போது யாருக்கு மறைக்கப் போகிறேன்?

வியாழக்கிழமை நீ வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் பிழிந்து என்னிடம் கொண்டுவந்து தந்தாய். "அப்பாகிட்ட குடுத்துரு டி. சனிக்கிழமைக்கு இதான். கருநீலத்துக்கு வெள்ளை போட்டா கவுண்டர்ல நிக்கிற பொண்ணு மாதிரியே இருக்கும்ல?" என்றாய். இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது. நீ அங்கே நிற்பதை மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். அப்பா சோற்றுப் பையோடு கிளம்பியபோது நான் வாயைத் திறக்கவில்லை. உன் சட்டை ஈரத்தோடு என் கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தது.

சனிக்கிழமை விடியும்போது பயம் பிடித்துக்கொண்டது. எடுத்து அலசி, அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டு, கீழே விறகைத் திணித்தேன். நீ வந்து கதவைத் தட்டும்போது பாதிகூடக் காயவில்லை. "ஃபேக்டரியில ரெண்டு நாளா சூடு சரியில்லையாம் டி" என்றேன். நீ வாங்கி ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனாய். பிறகு என்னைப் பார்த்தாய். "சரி, பரவால்ல" என்று போய்விட்டாய்.

மற்ற மூன்று சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ அந்த ஈரச் சட்டையையே போட்டுக்கொண்டு, மேலே இந்த சுவெட்டரைக் கழுத்துவரை பொத்தானிட்டு, வெள்ளைக் காலரை மட்டும் வெளியே எடுத்து விட்டிருந்தாய். கருநீலம், சாம்பல், கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. ஆபீஸ் வாசலில் பனியில் நின்றபோது உன் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. உள்ளே போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். நான் ரோஜா நிறச் சட்டை, சிவப்புக் கட்டப் பாவாடை, மஞ்சள் கழுத்துத் துணி, இருந்த நல்லது எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றியிருந்தேன். கிராணி என்னை மேலும் கீழும் பார்த்து, "எங்கேம்மா கல்யாணம்?" என்றார். எஸ்டேட் துரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வேலை உனக்குத்தான். பத்து நாள் இருமிக்கொண்டே அந்தக் கவுண்டரில் நின்றாய். நான் மலையிலிருந்து பார்ப்பேன், பழுப்பு ஒருநாள், கருநீலம் ஒருநாள். இருமல் நிற்கும்வரை எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நின்றதும் பழையபடி பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன் வந்த இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. நான் பெட்டியைக் கவிழ்த்துக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அம்மா ஓடிப்போய் உன்னைக் கூட்டிவந்தார். நீ ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய், ஒவ்வொன்றாகத் தள்ளினாய். கடைசியில் மிஞ்சியது எப்போதோ அத்தை அனுப்பி நான் தொடாமல் விட்ட ஒரு நாவல்பழ நிறச் சேலை. அதற்கு உன்னுடைய சந்தன நிறத் துணியில் தைத்த ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாய். தோளில் மடிப்பு வைத்து ஊசி குத்தும்போது, வாயில் இன்னொரு ஊசியைக் கடித்தபடியே சொன்னாய்.

"அந்த வெள்ளைச் சட்டையில பொகை வாசம் டி. ஃபேக்டரில காஞ்ச துணியில பொகை வாசம் வராது."

நீ என் தோளைத் திருப்பி இன்னொரு மடிப்பை எடுத்தாய்.

"தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?" என்றேன்.

"கேட்டா நீ அழுவ. அப்புறம் நான்தான் சமாதானப்படுத்தணும். அன்னிக்கு எனக்கு டைம் இல்ல லா." பிறகு என் கன்னத்தைத் துடைத்து, "நேரா நில்லு. முந்தானை கோணுது" என்றாய்.

அந்த இடம்தான் அமைந்தது. முப்பத்தாறு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தினேன். "முதல்முதல்ல உன்னை அந்தச் சேலையில பாத்தப்போ" என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ திட்டியிருந்தால் கேட்டிருப்பேன். திட்டாமல் மன்னித்தவளிடம் எப்படிக் கேட்பது? அதிலும் நீ முந்திக்கொண்டாய் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருந்துவிட்டேன்.

உன் மகள் பையைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். "அம்மா இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க ஆன்ட்டி. உங்ககிட்ட இருக்குற எதோட போட்டாலும் இது சேருமாம்."

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டேன். நீ சொன்னது பொய் என்று காட்ட ஒன்றாவது கிடைக்கும் என்று பார்த்தேன். பச்சையோடு சேர்ந்தது. மஞ்சளோடு சேர்ந்தது. மருமகள் வாங்கித் தந்த அந்தக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுப் பூ போட்ட பாஜு சட்டையோடுகூடச் சேர்ந்து தொலைத்தது. ஜன்னலைத் திறந்து, பனி விலகும்வரை காத்திருந்து, வெயிலிலும் பார்த்துவிட்டேன். சேர்ந்தது.

இன்று காலை அந்த ஊதா ரவிக்கைக்கும் பச்சைச் சேலைக்கும் மேலே இதைப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். மளிகைக் கடைப் பெண் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ஆன்ட்டி, இன்னிக்கு ரொம்ப நல்லாருக்கீங்க லா. யாரு செலக்ட் பண்ணிக் குடுத்தா?" என்றாள். இந்த வயதில், முதல் தடவையாக.

"நானேதான்" என்றேன்.

கோபம் வந்தால் நேரில் வந்து கேள்.