ஏழாம் சுரங்கத்தை என்ன செய்தார்கள்?

செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நலம் என்று தொடங்க வரவில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை.

இனி உன்னைப் பார்க்க அப்பா மட்டும் வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இது அப்பா ஆஸ்பத்திரிக்கு எடுத்து வரும் உன் நீலச் சட்டையின் மடிப்புக்குள் வருகிறது. பதிலை அழுக்குத் துணிக்குள் வை. அந்தப் பையை நான்தான் பிரிக்கிறேன். உன் சட்டையைத் தொட்டாலே அம்மாவுக்கு அழுகை வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை என் காதில் சொன்னாயே, "நான் செஞ்ச கேமோட ரெண்டாம் பாகம் வந்துடுச்சாம், விளையாடிப் பாத்துச் சொல்லு, எனக்காகப் பொய் சொல்லாத" என்று. விளையாடினேன். உன் கம்ப்யூட்டரைப் போர்வைக்குள் வைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு. அப்பா எழுந்தால் தொலைந்தேன். "மறுபடி அந்தப் பெட்டியில வெளிச்சம் தெரிஞ்சுதுன்னா, மாடியிலேருந்து போட்டு உடைச்சிடுவேன். என் புள்ளையத் தின்ன பெட்டி அது" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணா, இதைச் செய்த புது கேம் ஸ்டூடியோக்காரர்கள் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். முதல் பாகத்தின் துப்பாக்கி தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி இருக்கும் என்று நீயே திட்டுவாய். இப்போது சுட்டால் திரையே பின்னால் தள்ளுகிறது. நம் குள்ளன் ரோபோ முன்னே ஓடிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. நான் நின்றால் திரும்பி வந்து பக்கத்தில் நிற்கிறது. காற்றில்லாத சமவெளியில் சத்தமே கிடையாது. எத்தனை சுட்டாலும் நம் மூச்சு மட்டும்தான் கேட்கிறது. நீ உன் ஆபீஸ் மீட்டிங்கில் சொன்ன யோசனை அது! "சத்தமில்லாம சுட்டா எவன் வாங்குவான்?" என்று சிரித்தார்களே, அதேதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீ சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது பார்.

அப்பாவின் அறையில் கட்டில் அசைகிறது. நிறுத்துகிறேன்.

உன்
வாலு

—

சனி

அன்புள்ள வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லது. நான் இருந்தவரை நடக்கவில்லை, நான் போனதும் நடந்திருக்கிறது. அப்படியென்றால் இடைஞ்சல் எது என்று தெரிந்துவிட்டது.

ஹெட்போனை நீயே வைத்துக்கொள். கம்ப்யூட்டரும் உனக்குத்தான். அம்மாவை வேளாவேளைக்கு மாத்திரை போடச் சொல். அப்பாவை எதிர்த்துப் பேசாதே.

ஒன்றை மட்டும் நீ எழுதவில்லை. ஏழாம் சுரங்கத்தை என்ன செய்தார்கள்?

அண்ணன்

—

ஞாயிறு இரவு

அண்ணா,

இருட்டில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் ஹெட்போனை யார் கேட்டார்கள்? எனக்கு வேண்டாம். நீ வந்து பிடுங்கிக்கொள்கிற வரைக்கும் அது உன்னுடையதுதான்.

உன் கடிதத்தைப் படித்ததும் அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்து அவர் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். நர்ஸ் எடுத்தார்.

"யாரும்மா பேசறது?"

"தங்கச்சி. அண்ணன் தன் பொருளையெல்லாம் எனக்குக் குடுக்கறான். பயமா இருக்கு."

"நல்லவேளை சொன்னே. சாப்பாட்டத் தொடறதில்ல, தூங்கறதில்ல, சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். இனி ராத்திரி ஒரு ஆள் கூடவே இருப்பாங்க. நீ பயப்படாத கண்ணு" என்றார்.

உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். திட்டு. நேரில் வந்து திட்டு.

இப்போது சுரங்கம். முதல் ராத்திரியே அங்கே போய்விட்டேன், அண்ணா. உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் விட்டேன்.

முதல் பாகத்தில் எல்லாரும் காறித் துப்பியது அந்த இடத்தைத்தான். எதிரிகள் சுவருக்குள் சிக்கி உதறிக்கொண்டே இருப்பார்கள், உள்ளே போனவன் வெளியே வரமாட்டான். உன் ஸ்டூடியோவை மூடியபோது, "என் சுரங்கத்தாலதான் எல்லாருக்கும் வேலை போச்சு" என்று நீ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னாய். அதற்குப் பிறகும் விட்டாயா? கம்பெனியே இல்லை, சம்பளம் இல்லை, கேட்பார் இல்லை. நீ மட்டும் இந்த அறையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டே இருந்தாய். அம்மா கொண்டுவந்த சாப்பாடு கதவருகே காய்ந்து கிடக்கும்.

அவர்கள் அதை மூடிவிட்டார்கள்.

வாசலில் பெரிய பாறை சரிந்து கிடக்கிறது. நான் தோட்டா தீரும்வரை சுட்டேன். ஒரு துண்டுகூடப் பெயரவில்லை. குள்ளன் என்னைப் பார்த்து, "இங்க ஒண்ணுமில்ல, வா, அந்தப் பக்கமா போலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தது. அவ்வளவுதான்.

கோபம் வந்தது எனக்கு. உன்னுடையதை எப்படி மூடலாம்? அவர்கள் கொடுத்த பேட்டியைத் தேடிப் பிடித்தேன். சுரங்கத்தை மூடிய பெண் சொல்கிறாள்: "எங்களாலும் சரிசெய்ய முடியவில்லை. அந்த இடம் அத்தனை எதிரிகளைத் தாங்காது, யார் செய்தாலும் வராது. முதலில் செய்தவரைத் தனியாக விட்டிருக்கிறார்கள், பாவம். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி, விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம்."

கூட்டமாக இருந்தவர்களுக்கே முடியவில்லை, அண்ணா. விளையாடுகிறவர்கள் யாரும் அந்தச் சுரங்கத்தைத் தேடவுமில்லை. துப்பாக்கி, சத்தம் எல்லாவற்றையும்விட இதுதான் அவர்கள் செய்ததிலேயே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு இது வலித்தால் நான் என்ன செய்வேன்? பொய் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை.

ஒரு வாய் சாப்பிடு. எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

வாலு

—

அடுத்த ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வரவில்லை.

அழுக்குத் துணிப் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். சட்டைப் பைகள், காலர், தலையணை உறை, எல்லாம் பார்த்தேன். அப்பா கதவருகே நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னத்தத் தேடற?"

வாயில் பொய் வரவில்லை. "அண்ணன் எழுதியிருப்பான்னு" என்றேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் கீழே, துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"எழுதலம்மா. நான் போறப்ப தூங்கிட்டிருந்தான்."

"மருந்து குடுத்தாங்களா?"

"அதான் நானும் கேட்டேன். நேத்தும் குடுத்ததுதான், நேத்து தூங்கலேங்குது அந்த நர்ஸு." கொஞ்ச நேரம் உன் சட்டை ஒன்றை மடித்தார். அழுக்குச் சட்டை, அண்ணா, அதைப் போய் மடிக்கிறார். "பார்வையாளர் நேரம் முடியிற வரைக்கும் உக்காந்திருந்தேன். எழுப்பல. போர்வை நழுவிச்சு, தூக்கத்துலயே கையால துழாவி இழுத்துப் போத்திக்கிட்டான்."

அது நல்ல தூக்கமா, என் முகத்தில் இனி விழிக்க வேண்டாம் என்ற தூக்கமா, எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. இருவரும் மீதி அழுக்குத் துணியையும் மடித்து முடித்தோம்.

போகும்போது, "காகிதத்த சட்டைக்குள்ள சுருட்டி வைக்காத, கசங்குது. எங்கிட்டயே குடு" என்றார்.

அதனால் இதை அவர் கையில் கொடுக்கிறேன். நீ விழித்திருந்தால் தருவார். தூங்கினால் காத்திருப்பார்.

உன்
வாலு