பாஸ்வேர்டு கேட்காத நெட்புக்

ஓசூர்,
வெள்ளிக்கிழமை காலை

அப்பாவுக்கு வேணியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கை நடுக்கம் குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

சொர்க்கவாசல் திறப்புக்கு என்னால் ஸ்ரீரங்கம் வர முடியாது அப்பா. பயப்படாதீர்கள், சின்னக் கூத்துதான். உங்கள் விரல் நடுங்குகிறதே என்று, பாஸ்வேர்டு கேட்காமல் தானாகவே திறக்கும்படி நெட்புக்கை மாற்றி வைத்திருந்தேன் அல்லவா? அப்படியே ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்துவிட்டேன். லினக்ஸ்தானே, இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்ற நினைப்பு. நான் ஷிப்டில் இருந்த நேரத்தில், 'எனக்கு லீவு வேண்டாம்' என்று என் மெயிலிலிருந்தே ஆபீசுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. அந்த லீவு, எனக்கு அடுத்துக் கேட்டிருந்த பானுமதிக்குக் கிடைத்தது. என் அறையில் இருப்பவள், நம் காட்டூர்ப் பெண். அன்று அறையில் இருந்ததும் அவள் மட்டும்தான்.

"விடு வேணி, உங்கப்பாவ நானே கையப் புடிச்சு சொர்க்கவாசலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சிரித்தாள்.

தானாகத் திறப்பதை நிறுத்திவிட்டேன். இனி நெட்புக் உங்கள் கைக்கும் திறக்காது.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவள் அவள்தான். நல்ல காபியாகக் கொடுங்கள், ஒன்றும் கேட்காதீர்கள். என் பழைய போர்வையையும் கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாயையும் அவளிடம் கொடுத்து விடுங்கள். இங்கே குளிர் தாங்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று வாசலில் நின்று கத்துகிறாள். உறையை ஒட்டாமல்தான் தருகிறேன் அப்பா. திருச்சி வரைக்கும் அவளுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமே.

உங்கள் வேணி