பழைய போனை மாத்தாதீங்க அத்தை

பொன்மலை அத்தைக்கு,

கால் வீக்கம் வத்திடுச்சா? மாமாவும் நீங்களும் வேளைக்குச் சாப்பிடுறீங்களா? நான் நல்லா இருக்கேன்.

ரஷ்யா மேல தடை போட்டதுல, இங்க எங்க ஆலை பாய்லருக்கு கம்ப்யூட்டர் குடுத்த வெளிநாட்டுக் கம்பெனி கிளம்பிடுச்சு. கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. வால்வையெல்லாம் கையாலதான் திருப்புறோம். "எங்க நாடு யார்கிட்டயும் கைகட்டி நிக்காது"ன்னான், கூட வேலை பாக்குற ஒலெக். "அப்ப அந்தக் கையால இதைத் திருப்பு"ன்னேன். சிரிச்சுட்டான்.

ரஞ்சனி எனக்குப் பேசி அனுப்பினதைச் சேத்து வெச்சிருந்த இன்டர்நெட் கணக்கும் அதே தடையில பூட்டிக்கிச்சு. பரவாயில்ல. உறைஞ்ச ஆத்து மேல நடந்து வேலைக்குப் போறப்ப, காவேரிப் பாலத்துல அவ என் வண்டியில பின்னாடி உக்காந்து ஏதோ சொல்லிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு. வார்த்தைதான் புரியல.

பழைய போனைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கப் போறீங்கன்னு மாமா சொன்னாரு. வேணாம் அத்தை. கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்கு அவ உங்களுக்குப் பேசி அனுப்பினது அதுலதான் இருக்கு: "அம்மா, அவசரத்துல போறேன்னு சொல்லிட்டேன். போயிட்டு வரேம்மா."

ஷிப்ட் மணி அடிக்குது. ஞாயித்துக்கிழமை மாமா போனுக்குக் கூப்பிடறேன். உங்க போன்ல அவ பேசினதைப் போட்டு, மாமா போன் பக்கத்துல வைங்க. நான் ஒண்ணும் பேசமாட்டேன், கேட்டுக்கறேன்.

உங்க மாப்பிள்ளை,
தமிழ்மணி