பார்த்தவர் கையெழுத்து

மார்ச் 4
மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வுகள் முப்பது எங்கள் கம்பெனிக்கு வந்தன. கிருமிகொல்லிக் கரைசலில் பத்து மணி நேரம் ஊறினால்தான் குழந்தைகளின் இதய ஓட்டையில் வைத்துத் தைக்கலாம். தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும்: செய்தவர், பார்த்தவர். செய்தவர் என் நாத்தனார்.

“அண்ணி, அஞ்சு மணிக்கு நீங்க பேக்கிங் ரூம்ல இருப்பீங்க. இப்பவே ஒண்ணு போட்டுடுங்க.”

போட்டேன். எல்லோரும் செய்வதுதான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான். அவளை நம்பாமல் யாரை நம்புவது?

மார்ச் 28
ஊறவைக்கும் தொட்டி தானே அச்சடிக்கும் பதிவுத் தாள்களை அடுக்கினேன். 4-ஆம் தேதி மூடியது காலை ஏழு மணிக்கு, திறந்தது மதியம் ஒரு மணிக்கு. ஆறு மணி நேரம்தான் ஊறியிருக்கிறது! மூன்று தடவை படித்தேன்.

மார்ச் 29
உடை மாற்றும் அறையில் நாத்தனாரிடம் கேட்டேன். சிரிக்கிறாள்.

“ஆறு மணி நேரத்துல கிருமியெல்லாம் செத்துடும் அண்ணி. உங்க கையெழுத்தும் இருக்கே!”

செத்ததை இவள் பார்த்தாளாமா? கண்ணுக்குத் தெரியாது என்பதால்தானே கடிகாரத்தைப் பார்க்கிறோம்? ஏழு துண்டுகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன.

வீட்டில் இவரிடம் சொன்னேன். காலையில் தரப் பிரிவு அதிகாரியிடம் போகப் போகிறேன் என்றும் சொன்னேன்.

“விடேன். புது வீடு பாக்க நான்தான் அவளை அன்னைக்கு சீக்கிரம் வரச் சொன்னேன்.”

அப்படியென்றால் — தெரியும். இருபத்தைந்து நாளாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

மார்ச் 30
எட்டரைக்கு அதிகாரியின் அறைக்குப் போனேன். எட்டு மணிக்கே அவள் வந்து போய்விட்டாளாம். “அண்ணிதான் எடுக்கச் சொன்னாங்க” என்று எழுதியே கொடுத்திருக்கிறாள்.

நான் போகப்போவது வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்.

முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். பதிவுத் தாளையும் வைத்தேன். பாவிகளா, அண்ணன் தங்கை இரண்டு பேருமா?

ஏப்ரல் 2
ஆறு துண்டுகள் திரும்பி வந்தன. ஏழாவதைத் தைத்துவிட்டார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை.

ஏப்ரல் 17
குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. இன்னும் ஆறு மாதம் கண்காணிப்பார்களாம். நாத்தனாரை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கழுவும் பிரிவு. கையெழுத்து உரிமை இல்லை.

இவர் புது வீட்டு ஒப்பந்தத்தை நீட்டினார். “கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து, அவ்ளோதான்.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.