கடைசி ஆள் யாரு?

நம் வீட்டுச் சமையலறை,
அல்பசேத்தே திருவிழா முடிந்த வாரம்.

என் தங்க மகள் நியேவெஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தச் சுகத்தில் சேர்த்தி இல்லை, அதை நீ கண்டுகொள்ளாதே, மழை வருமா வராதா என்று ஊருக்குச் சொல்வதற்காகவே இருக்கிற முழங்கால் அது. சிலியில் நீயும் மாப்பிள்ளை லௌதாரோவும் வயிற்றில் இருக்கிற குட்டி ஆளும் அதே மாதிரி சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், இல்லையென்றால் இப்போதே போனைப் போட்டுச் சொல்லு. போன் இருக்க இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் நடுவில் அம்மா அம்மா என்று குறுக்கே விழுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பூண்டு அறுவடையைப் பற்றிப் பேசி முடித்துவிடுவேன். இதில் உன்னால் குறுக்கே வர முடியாது. முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று கற்றுக்கொள்வதற்குள் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துப் பூண்டு வயலில் விட்டுவிட்டார்கள், ஆகவே மூச்சு முட்டுகிற இடத்தில் நீயே நிறுத்திக்கொள்.

மே மாதம் நீ ஒரு கேள்வி கேட்டாய். அம்மா, நவம்பர்ல பிரசவம், நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் இருக்காது, வர்றியா என்று. நான் சிரித்துக்கொண்டே, நான் ஏறினா விமானம் எழும்பாதுடி, கன்னுக்குட்டி மாதிரி படுத்துக்கும் என்றேன். நீ சிரிக்கவில்லை. சரிம்மா பரவால்ல என்றாய். அந்தப் பரவால்ல எனக்குள் முள்ளு மாதிரி நின்றுவிட்டது, அன்றைக்குக் கழுவின சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினேன். எடையெல்லாம் சும்மா சொன்னது, பயம்தான். உன் அப்பாவின் கையைப் பிடிக்காமல் நான் எந்த ஊருக்குப் போனேன் சொல்லு, கையைப் பிடித்துக்கொண்டு போனதும் அல்பசேத்தே திருவிழா மட்டும்தான். அவரைக் கூப்பிட்டால், கொத்தனாருக்குச் சாரம் போதும், அதுக்கு மேல ஏறணும்னா செத்த பிறகு பாத்துக்கலாம் என்கிறார். உன் கேள்விக்கு என் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது, அங்கே முதலில் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு விசிதான் வழி சொன்னாள். குளிக்கப் போறவ நேராக் கடல்ல குதிக்க மாட்டா, முதல்ல காலை நனைப்பா, நீ வலென்சியாவுக்குத் தனியாப் போய் வா, அப்புறம் சிலியைப் பத்திப் பேசு என்றாள். போனேன். கோடை முழுக்க நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா விசி வீட்டில் தக்காளி ஊறுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்பா சொன்னாரே, அத்தனை தக்காளி இந்த மாகாணத்திலேயே கிடையாது. அதெல்லாம் நான் ஊர் சுற்றின நாட்கள். முதல் தடவை வலென்சியா பேருந்து நிலையத்தில் இறங்கினேன், கூட்டத்தைப் பார்த்தேன், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்த ரொட்டியைத் தின்றேன், அடுத்த பேருந்தில் திரும்பி வந்துவிட்டேன். வலென்சியா எப்படி இருந்துச்சு என்று அப்பா கேட்டார். நல்ல பெஞ்சு என்றேன். அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்துபோயிற்று.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது, மறுபடியும் போனேன். இந்தத் தடவை நிலையத்தைத் தாண்டிச் சாப்பாட்டுக் கடை வரைக்கும் போய்விட்டேன். எத்தனை பேரும்மா என்று பரிமாறுகிறவர் கேட்டதும் ஒருத்தி என்று சொல்ல வாய் வரவில்லை, ரெண்டு பேர், வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திட்டு வர்றாரு என்றேன். எதிரே ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி, காலி நாற்காலி. நான் சூப்பு குடித்து, மீன் தின்று, பழமும் தின்று முடித்தேன், வீட்டுக்காரர் இன்னும் வண்டியை நிறுத்திக்கொண்டே இருக்கிறார். காப்பி கொண்டுவரும்போது அந்த ஆள் குனிந்து மெதுவாக, அம்மா, அவரு போர்ச்சுகல்லயா இடம் தேடுறாரு என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவரும் சிரித்தார், எதிர்த் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் எந்தக் கடையிலும் ஒருத்தி என்று சத்தமாகச் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வருகிற சீட்டு வாங்குகிற இடத்தில்தான் ஒரு விஷயம் உறைத்தது. யாரும் ஒழுங்காக வரிசையில் நிற்கவில்லை, ஒருத்தி தூணில் சாய்ந்திருக்கிறாள், ஒருத்தர் பேப்பர் படிக்கிறார், எனக்குக் கண்ணைக் கட்டினது. நம் ஊர்க் கறிக்கடையில் கேட்கிற பழக்கத்தில் வாய் தானாக, கடைசி ஆள் யாரு என்று கேட்டுவிட்டது. மூலையில் இருந்த பெண்ணு, நாந்தாங்க என்று கையைத் தூக்கினாள். அவ்வளவுதான் மகளே. இனி நான் போய் உட்காரலாம், கழிப்பறைக்குப் போகலாம், என் இடம் எங்கேயும் போகாது. அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் யார் வந்து கேட்டாலும் கையைத் தூக்கப் போகிறது நான். பிறந்ததிலிருந்து கேட்கிற கேள்விதான், ஆனால் தெரியாத ஊரில் அதைக் கேட்டால் நாம் தனி ஆள் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் வலென்சியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற குயேரா போய்க் கடற்கரைப் பழக்கமெல்லாம் கற்றுக்கொண்டேன். அங்கே பொழுது விடிகிறதுக்கு முன்னாலேயே சனங்கள் குடையும் நாற்காலியும் கொண்டுவந்து தண்ணீர் ஓரம் முதல் வரிசையில் நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். ஊர்க்காவலர் பார்த்தால் பிடுங்கிக்கொண்டு போவார், அது ஒரு தனி விளையாட்டு. கடலைப் பார்த்தபடி நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருக்கும், ஆள் ஒருத்தர் இருக்காது. மூன்றாம் நாளே நான் முதல் வரிசைக்காரி ஆகிவிட்டேன். கடல் என்றால் இவ்வளவுதான் என்று எண்ணம் வந்துவிட்டது, அந்தத் தலைக்கனத்தோடு போன வாரம் காதிஸுக்கு ரயில் ஏறினேன், செவில்யாவில் மாறி, பிசகாமல், யார் கையையும் பிடிக்காமல்.

காதிஸில் விடிந்ததும் விடியாததுமாய்க் கடற்கரைக்குப் போனேன். ஒரு ஈ காக்காய் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாய் அருமையான இடத்தில் நாற்காலியைப் போட்டு, பையை அதில் மாட்டி, காப்பி குடிக்கப் போனேன். குடித்தேன், சர்க்கரை தூவின பணியாரம் ஒன்றும் தின்றேன், கடைக்காரியோடு கொஞ்சம் பேசினேன். திரும்பி வந்தால் என் நாற்காலி கடலுக்குள் நிற்கிறது, இல்லை, நிற்கவும் இல்லை, மிதக்கிறது. குயேராவில் கடல் வைத்த இடத்தில் இருக்கும். காதிஸ் கடல் ஏறி இறங்குகிற கடல் என்று வயல்காட்டுக்காரிக்கு யார் சொன்னார்கள். பாவாடையோடு இறங்கி நாற்காலியின் காலைப் பிடித்தேன். அதற்குள் குடையும், தம்போலா என்கிற எண் விளையாட்டு அட்டைகளும் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள் கூட்டம் ஒன்று மேட்டில் நின்று பார்த்தது. அவர்களில் தலைவி மாதிரி ஒருத்தி, பாஸ்தோரா என்று பெயர், என் வயதுதான் இருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என்னம்மா, நாற்காலிக்கு நீச்சல் பழக்குறியா என்றாள். ஆமாம், அதுக்கு வந்துடுச்சு, எனக்குத்தான் வரல, கை கொடு என்றேன். அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். பாஸ்தோரா பையை இழுத்துக் கொடுத்துக்கொண்டே, எங்க கடல் உங்க கடல் மாதிரி கட்டிப்போட்ட ஆடு இல்ல, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஊரை எட்டிப் பாத்துட்டுத்தான் போவும் என்றாள்.

சிரித்தேன், ஆனால் பையைத் திறந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. குட்டி ஆளுக்கு நான் பின்னிக்கொண்டிருந்த மஞ்சள் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, போன் செத்துவிட்டது. தங்கியிருந்த விடுதியின் பெயரும் தெருவும் அந்தப் போனுக்குள்தான், அதுதான் வழி சொல்லி என்னை ஆட்டுக்குட்டி மாதிரி கூட்டிக்கொண்டு போயிருந்தது, நான் தெருவின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. காதிஸ் தெருக்கள் எல்லாம் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே முகம். பச்சைப் படிக்கட்டு, வாசலில் ஒரு கிளி, அது மட்டும் ஞாபகம். எனக்கு அழுகை வந்தது, சொல்லிவிடுகிறேன். இங்கேயே இப்படி, இவள் கடல் தாண்டிப் போகிறாளாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாஸ்தோரா என்னைப் பார்த்துவிட்டு, அழுதா கடல்ல இன்னும் தண்ணி ஏறும், எங்களுக்கு விளையாட இடம் இருக்காது, நேரா மீன் சந்தைக்குப் போ, இந்த நேரத்துல விடுதிக்காரிகள் எல்லாரும் அங்கதான் நிப்பாளுக என்றாள். ஈரப் பாவாடையும் நாற்காலியுமாகப் போனேன். நெத்திலிக் கடை முன்னால் ஒரே கூட்டம். கடைசி ஆள் யாரு என்று கேட்டேன். ஒரு கிழவர் கையைத் தூக்கினார். அவரிடம் பச்சைப் படிக்கட்டையும் கிளியையும் சொன்னேன். அவர் முன்னால் இருந்தவளிடம் சொன்னார், அவள், கிளியா, திட்டுற கிளியா திட்டாத கிளியா என்று கேட்டாள். காலையில என்னைக் காது கூசுற மாதிரி திட்டுச்சு என்றேன். அப்படின்னா அது ரெமியோட கிளி என்று ரெண்டு பேர் ஒரே குரலில் சொன்னார்கள், ரெமியின் நாத்தனாரே அந்த வரிசையில் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என் முறை வருவதற்குள் எனக்கு வீடு கிடைத்துவிட்டது. முறை வந்ததை ஏன் விடுவது என்று நெத்திலியும் வாங்கிக்கொண்டேன், விடுதிக்காரி ரெமி பொரித்துக் கொடுத்தாள். போனை அரிசிக்குள் புதைத்தால் பிழைக்கும் என்றார்கள், புதைத்தோம், மறுநாள் அந்த அரிசி நன்றாக வெந்தது, போன்தான் வேகவில்லை. நீ ரெண்டு நாள் கூப்பிட்டுக் கிடைக்காமல் அப்பாவைத் திட்டினாயே, அது இதுதான். ஊறுகாய் அண்டாவில் போன் விழுந்ததாக அவர் சொன்னது அவராகக் கட்டின சுவர், பாவம், நன்றாகவே கட்டினார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது நம் வீட்டு எண் ஒன்றுதான். ரெமியின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன், நாளைக்கே திரும்பிடறேன், எனக்கு இதெல்லாம் ஒத்துவராது என்றேன். பெஞ்சுக் கதைக்குச் சிரித்த மாதிரி சிரிப்பார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, சளிதான் என்று பிறகு சாதித்தார். மீன் வரிசையில நின்னு வீட்டைக் கண்டுபிடிச்சவ, சிலியில பெத்த மகளைக் கண்டுபிடிக்க மாட்டியா, அவசரப்படாம கடலைப் பாத்துட்டு வா, என்கார்னா என்று பேர் சொல்லிச் சொன்னார். கல்யாணமான நாள் முதல் அந்த மனுஷன் என்னைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான், அதுவும் இன்னொருத்தி போனில், யாரிடமும் காட்ட முடியாது. நான் மறுநாளும் கடற்கரைக்குப் போனேன், மேட்டில் நாற்காலி போட்டு பாஸ்தோராவோடு தம்போலா ஆடினேன், அட்டையில் வந்த எண்களைக் கொண்டைக்கடலை வைத்து மறைத்தார்கள், ஜெயித்தது நான், ஏமாத்துக்காரி என்று எல்லாரும் ஆசையாகத் திட்டினார்கள்.

இப்போது கடைசிக்கு வந்துவிட்டோம். பயணச்சீட்டு எடுத்தாயிற்று மகளே. நவம்பர் முதல் வாரம் மாத்ரீதில் ஏறுகிறேன். சாந்தியாகோவில் இறங்கி விமானம் மாற வேண்டுமாம், அங்கே வரைக்கும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நீ வராதே, மாப்பிள்ளையையும் அனுப்பாதே, நான் கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன், வல்டிவியாவில் உன் வீட்டு வாசலைத் திறந்து வைத்தால் போதும். அப்பா என் பெட்டிக் கைப்பிடியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார், அடையாளத்துக்காம், இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, பெட்டி இப்போதே கூடத்தின் நடுவில் நிற்கிறது, ரெண்டு பேரும் தடுக்கி விழுகிறோம். நான் இல்லாத நாட்களுக்கு முட்டை பொரிக்கப் பழகுகிறார், இதுவரை பூனைதான் நன்றாகச் சாப்பிடுகிறது. மஞ்சள் சட்டையைப் பல தடவை அலசிவிட்டேன், உப்பு வாசனை போகவில்லை, குட்டி ஆள் காதிஸ் வாசனையோடு வளரட்டும்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பூந்தொட்டியில் போடாமல் வாயில் போடு. ஏணியில் ஏறிச் சுவருக்குச் சாயம் அடிக்கிறேன் என்று போனில் சொன்னாயே, கொத்தனார் மகள்தான், அதற்காக இப்போது ஏறாதே. உன் மாமியார் சமைத்தால் சமைக்கட்டும், உப்பு குறைந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லு, நான் வந்து பூண்டு போட்டுச் சரிக்கட்டுகிறேன். பயம் வந்தால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள், பயப்படுவதில் வெட்கம் ஒன்றுமில்லை, உன் அம்மா ஒரு பெஞ்சிலிருந்து ஆரம்பித்தவள். மாதா உன்னையும் பிள்ளையையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவின் முத்தமும் என் முத்தமும் வயிற்றுக்கு ஒன்று கன்னத்துக்கு ஒன்று.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. ஒருவேளை குட்டி ஆள் எனக்கு முன்னால் அவசரப்பட்டு வந்துவிட்டால், தூக்கிப் பார்க்க அங்கே மாமியார், நாத்தனார், அக்கம்பக்கம் என்று எல்லாரும் சுற்றி நிற்பார்கள். யாராவது வந்து கடைசி ஆள் யாரு என்று கேட்டால் நீ கையைத் தூக்கி, எங்கம்மா, வந்துக்கிட்டிருக்கா என்று சொல்லு. என் இடத்தை விட்டுக்கொடுத்துவிடாதே.

உன் அம்மா,
என்கார்னா