இலவச அனுமதி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். உன் மாப்பிள்ளை பஸ் ஓட்டிக் களைத்து வந்தாலும், நீ நடத்தும் பழைய கார் கண்காட்சி நெருங்குகிறது என்று தன் காரைத்தான் முதலில் போய்ப் பார்க்கிறார். எனக்கு அதில் பாதி மரியாதை கிடைத்தால் போதும்.

போன வருஷம் ரேடியேட்டர் மூடியைத் திறந்த பெரியவருக்குக் கை வெந்துபோனதே! அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போகக்கூடக் கூட்டத்தில் வழியில்லை. நான் நர்ஸ் என்பதால் ஏதோ சமாளித்தேன். இந்தத் தடவை டிக்கெட் வை, அண்ணா. அந்தக் காசில் கூட்டத்தை ஒதுக்கிவிடக் கயிறு கட்டலாம், தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் வாசலிலேயே நிறுத்தலாம். மேலே கொஞ்சம் லாபம் வந்தால்தான் என்ன, அது பாவமா? எட்டு வருஷமாக உன் பட்டறைச் சம்பாத்தியத்தைத்தானே அந்த மைதானத்தில் கொட்டுகிறாய்?

உன் தங்கை

ஜனவரி 17

அன்புத் தங்கைக்கு,

தாளில் கிரீஸ் கறை இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ சொல்வது புரியாமல் இல்லை. ஆனால் கார் கொண்டுவருகிறவர்கள் சொந்தப் பெட்ரோல் போட்டு, லீவு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வாசலில் ஒருவன் காசு வாங்கினால், "என் வண்டிய வச்சு நீ சம்பாதிக்கிறியா?" என்று கேட்பார்கள். பக்கத்து ஊரில் அப்படித்தான் ஆயிற்று. முதலில் டிக்கெட், அப்புறம் கடை வாடகை, அப்புறம் விளம்பரத் தட்டி. கடைசியில் செல்போன் கடைகளுக்கு நடுவில் மூன்று கார்கள் நின்றன. அதில் ஒன்றுக்கு எஞ்சினே கிடையாது.

இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிறவர்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து டிக்கெட். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வராது, பாப்பா.

பட்டறையில் தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறது. கொண்டுபோய் வைக்கிறேன், போதுமா? வீணாகக் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்

மார்ச் 26

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளை போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. எல்லாம் முடிந்த அன்று உன் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

கண்காட்சி அன்று உனக்கு டியூட்டி. நடந்ததை யாரும் உன்னிடம் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாம் வரிசையில் நின்ற ஒரு காரில் பெட்ரோல் குழாய் கழன்றிருந்தது. பார்க்க வந்த இரண்டு பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஆசைக்கு ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். பற்றிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் பின்வாங்கி ஓடினோம். மாப்பிள்ளை முன்னால் ஓடினார். பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளியே தள்ளினார். அவர் சட்டையில் அதற்குள் தீ.

நான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அது காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் பார்க்கவே இல்லை. மண்ணை அள்ளி வீசினோம். கண்ட இடத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவில் ஆம்புலன்ஸ் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டது. சைரன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நேற்றுக் கண்காட்சிக் குழுவினர் கூடினார்கள். அடுத்த வருஷம் மாப்பிள்ளை பெயரில் கண்காட்சி நடத்துவது, டிக்கெட் வைப்பது, லாபம் முழுவதையும் உனக்குக் கொடுப்பது என்று முடிவு. நான் சரி என்றேன். உனக்குத் தர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது.

உயிரோடிருந்த பதினோரு நாளும் அவர் எங்கள் வார்டில்தான் இருந்தார். கட்டு மாற்றும்போது என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. ஏழாம் நாள் கொஞ்சம் பேச்சு வந்தது. "அண்ணன் மேல கோவப்படாத. டிக்கெட் வேணாம்னு கமிட்டிக் கூட்டத்துல மொதல்ல கை தூக்கினது நான்தான். உன்கிட்ட சொல்லல" என்றார். வீட்டில் நான் சொன்னபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவர்.

அவர் கை தூக்கியது உங்களுக்குத் தெரிந்ததுதான்; எனக்கும் தெரியும் என்பதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை என்று எழுதுகிறேன். பழி முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை. ஆனால் இது தெரிந்து எனக்கு மனசு லேசாகவில்லை. அதுவரை உங்கள்மேல் மட்டும்தான் கோபம் இருந்தது. இப்போது அவர்மேலும் இருக்கிறது. அவரிடம் சண்டை போடக்கூட முடியாது.

அந்தப் பிள்ளைகளின் அம்மா வந்திருந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பெரியவனுக்குக் காதோரம் சின்னத் தழும்பு, அவ்வளவுதான்.

டிக்கெட் வையுங்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்குங்கள். டிக்கெட் வாங்க முடியாதவர்களைச் சும்மா உள்ளே விடுங்கள், அது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் அவர் பெயர் வேண்டாம். எனக்கும் அதில் ஒரு பைசா வேண்டாம். அவர் வெந்த இடத்தில் வாங்கும் காசில் என் வீட்டு அடுப்பு எரியக் கூடாது.

வீட்டுக்கு வராதீர்கள். வந்தால் கதவைத் திறப்பேன், உட்காரச் சொல்வேன், காபி போடுவேன், உங்கள் முகத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுவேன். அதற்கான தெம்பு இப்போது என்னிடம் இல்லை. தெம்பு வந்தால் எழுதுகிறேன். கடிதம் வராவிட்டால், தெம்பும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை